24 வார்த்தைகளை எங்கே வைப்பது: காகிதமா, எஃகா, துண்டுகளா, மல்டிசிக்கா?

பிட்காயினைத் திறக்கும் சாவி, அதை வைத்திருக்கும் வாலட் காட்டும் 12 அல்லது 24 வார்த்தைகள்தான்; இவற்றை 'சீட்' (விதை) வார்த்தைகள் என்பார்கள். இவற்றைக் காப்பவருக்கு இரண்டு பயம்: திருடு போவது, நாமே தொலைத்துவிடுவது. பிரதிகளைக் கூட்டினால் தொலையும் பயம் குறையும், திருட்டுப் பயம் ஏறும். நிரலாளர் ஸ்டெஃபன் தாமஸின் 7,002 பிட்காயின் பூட்டிக் கிடப்பது எந்தத் திருடனாலும் அல்ல. சாவி இருந்த யூஎஸ்பி டிரைவின் கடவுச்சொல்லை எழுதிய தாள் தொலைந்துபோனதால். அதனால் என் கணக்கில் தொலைப்பதுதான் பெரிய எதிரி.

காகிதம்: செலவே இல்லை. ஹார்டுவேர் வாலட் (சாவியைக் காக்கும் சிறு கருவி) காட்டும் சீட் வார்த்தைகளைப் பென்சிலால் எழுதினால் மை கரையும் தொல்லையும் இல்லை. ஆனால் தீயும் வெள்ளமும் கரையானும் அதை விடாது. முதல் வாரத்துக்குப் போதும், பத்து வருடத்துக்குப் போதாது.

எஃகுத் தகடு: சீட் வார்த்தைகள் எடுக்கப்படும் பொதுப் பட்டியலில் உள்ள 2,048 சொற்களில் எதையும் முதல் நான்கு எழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எனவே நான்கு எழுத்துகளைப் பஞ்ச் செட்டால் (உலோகத்தில் எழுத்து பதிக்கும் கருவி) அடித்தாலே போதும், விலை உயர்ந்த தகடு தேவையில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உருக ஏறக்குறைய 1,400 டிகிரி வேண்டும். அலுமினியம் 660-லேயே உருகிவிடும், அதைத் தவிருங்கள். காகிதத்துக்கும் எஃகுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: கையில் கிடைத்தவன் பணத்தை எடுத்துவிடுவான்.

போன் போட்டோ, மெயில், கிளவுட்: வேண்டவே வேண்டாம். கேலரிப் படங்களில் உள்ள எழுத்தைப் படித்து சீட் வார்த்தைகளைத் திருடும் 'ஸ்பார்க்கேட்' நிரல், 2025-இல் ஆப்பிள், கூகுள் இரண்டின் ஆப் கடைகளிலும் சிக்கியது.

துண்டு போடுவது: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 12 வார்த்தைகளை மூன்று தாளில், தாளுக்கு எட்டாக, எந்த இரண்டு சேர்ந்தாலும் முழுமை ஆகும்படி எழுதி வைப்பது புத்திசாலித்தனமாகத் தெரியும். ஒரு தாள் திருடனிடம் சிக்கினால் அவனுக்குத் தெரியாதது நான்கு வார்த்தைதான். வார்த்தைகளுக்குள்ளேயே பிழை சரிபார்க்க இருக்கும் பகுதியைக் கழித்தால் சுமார் ஒரு லட்சம் கோடி சாத்தியங்கள். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் 2020-இல் ஒரு பரிசுப் போட்டியில் எட்டு வார்த்தைகள் வெளியான நிலையில், ஒரு நிரலாளர் கிராஃபிக்ஸ் கார்டுகளை வாடகைக்கு எடுத்து மீதி நான்கைச் சுமார் 30 மணி நேரத்தில் பிடித்தார். கையால் வெட்டாதீர்கள்.

வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஷமீர் முறை இருக்கிறது. ரகசியத்தைப் பங்குகளாகப் பிரிக்க ஆதி ஷமீர் 1979-இல் வகுத்த கணிதம் இது. ட்ரெசர் போன்ற வாலட்டுகளில் கிடைக்கிறது. மூன்றில் இரண்டு என்று அமைத்தால், ஒரு பங்கு மட்டும் வைத்திருப்பவனுக்கு அதிலிருந்து எதுவுமே தெரியாது. குறை: எல்லா வாலட்டும் இதை ஏற்காது. மேலும் மீட்கும் நேரத்தில் தேவையான பங்குகள் ஒரே கருவியில் சேர்ந்தாக வேண்டும்.

மல்டிசிக் என்பது பணம் அனுப்பப் பல சாவிகளில் சில (உதாரணமாக மூன்றில் இரண்டு) கையெழுத்திட வேண்டிய அமைப்பு. இதில் அந்தச் சிக்கல் இல்லை, மூன்று சாவிகளும் ஒருபோதும் ஓரிடத்தில் சந்திக்க வேண்டியதில்லை. ஆனால் பலர் கவனிக்காத பொறி உண்டு. மூன்றில் இரண்டு அமைப்பில் ஒரு சாவியின் சீட் வார்த்தைகளை இழந்தால் மற்ற இரண்டு மட்டும் போதாது. மூன்றாவதன் பொதுச் சாவியும் (வாலட்டின் முகவரிகளைக் கண்டுபிடிக்க உதவுவது, பணத்தை எடுக்க முடியாதது) தேவை. அதனால் மூன்று பொதுச் சாவிகளும் உள்ள வாலட் அமைப்புக் கோப்பைப் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு சீட் வார்த்தைத் தொகுப்போடும் வையுங்கள். பணம் அனுப்பக் கையெழுத்திடும் முன், எதற்குக் கையெழுத்திடுகிறீர்கள் என்று கருவித் திரையையும் படியுங்கள்: 2024 ஜூலையில் இந்திய கிரிப்டோ சந்தையான வஸீர்எக்ஸிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் போனது ஒரு மல்டிசிக் வாலட்டிலிருந்துதான்.

பாஸ்ஃப்ரேஸ்: சீட் வார்த்தைகளுக்கு மேல் நீங்களே சேர்க்கும் ஒரு கூடுதல் சொல். தகடு திருடு போனாலும் காக்கும். ஆனால் தவறாக அடித்தால் பிழை காட்டாது, வெறுமையான வேறொரு வாலட்டைத் திறக்கும். நினைவில் மட்டும் வைத்தால் உங்களுக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. எழுதி, சீட் இருக்கும் இடத்தில் இல்லாமல், தனியே வையுங்கள்.

என் முடிவு: சில மாதச் சம்பளம் அளவு என்றால் இரண்டு எஃகுத் தகடு, இரண்டு வீடு. அதற்கு மேல் போனால் தகட்டோடு பாஸ்ஃப்ரேஸ். வீடு வாங்கும் அளவு சேர்ந்தால்தான் மல்டிசிக், அதுவும் வீட்டில் இன்னொருவர் அதை இயக்கக் கற்றுக்கொண்ட பிறகு. எதைத் தேர்ந்தாலும் முதலில் சின்னத் தொகை அனுப்பி, கருவியில் உள்ளதை அழித்து, எழுதிவைத்ததை மட்டும் கொண்டு மீட்டெடுத்து, அதே முகவரி வருகிறதா என்று பாருங்கள். மீதிப் பணத்தை அதன் பிறகு அனுப்புங்கள்.