வீட்டில் பிட்காயின் மைனிங்: மூன்று இயந்திரங்கள், ஒரு மின்மீட்டர்

பிட்காயின் மைனிங் என்பது, கணினிகள் ஒரு புதிருக்குப் போட்டிபோட்டு விடை தேடி, கண்டுபிடித்தவருக்குப் புது பிட்காயின் பரிசாகக் கிடைப்பது. அதற்கான இயந்திரம் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது டெராஹாஷ், அதாவது நொடிக்கு எத்தனை லட்சம் கோடி முயற்சிகள் என்ற வேகம். சற்று விவரம் தெரிந்தவர்கள் ஒரு டெராஹாஷுக்கு எத்தனை வாட் என்று பார்ப்பார்கள். கோவையில் வீட்டு இணைப்பிலேயே மூன்று இயந்திரங்களை ஓட்டிப் பார்த்தபின் நான் கேட்கும் கேள்வி வேறு: இரண்டு மாதக் கணக்கெடுப்பில் இது எத்தனை யூனிட்டை ஏற்றிவிடும்?

முதலில் ஆன்ட்மைனர் எஸ்9. 2016இல் வந்தது, 13.5 டெராஹாஷ், சுமார் 1,320 வாட். பழைய சந்தையில் மலிவாகக் கிடைப்பதால் எல்லோரும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எனக்கு வந்ததும் பழையதுதான். விற்றவர் சொன்னது மூன்று ஹாஷ் போர்டு (கணக்குப் போடும் சிப்புகள் உள்ள பலகை); ஒழுங்காக ஓடியவை இரண்டு. மூன்றாவதைச் சரிசெய்ய ஆன செலவைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் மின்சாரக் கனெக்டர்கள். ஒவ்வொரு ஹாஷ் போர்டுக்கும் மூன்று, கட்டுப்பாட்டு போர்டுக்கு ஒன்று என மொத்தம் பத்து. ஒவ்வொன்றையும் கடைசிவரை அழுத்திச் செருக வேண்டும். ஒன்று அரைகுறையாக உட்கார்ந்தாலும் அந்த முனை சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பேறி, பிறகு இளகத் தொடங்கும். 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டவே கூடாது. கீசருக்குப் போடும் 16 ஆம்பியர் பிளக் வேண்டும்.

சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு விசிறிகளும் முழு வேகத்தில் சுழன்றால், அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டும் பேச முடியாது. கீழ் வீட்டு அக்கா ஒருநாள் மேலே வந்து, "தம்பி, மாடியில் மாவு மில் வைத்திருக்கிறீர்களா?" என்றே கேட்டுவிட்டார். பிரெய்ன்ஸ் ஓஎஸ் என்ற மாற்று மென்பொருளைப் போட்டு மின்சாரத்தை 900 வாட் அளவுக்குக் குறைத்தால் இரைச்சல் தணியும். நட்டம் சற்றுக் குறையும், தீராது.

கணக்கு இதுதான். நாளொன்றுக்கு 32 யூனிட், இரண்டு மாதத்தில் 1,900 யூனிட். 2024 ஜூலைக் கட்டணப்படி ஆயிரம் யூனிட்டுக்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 11.80 ரூபாய். வீட்டுப் பயன்பாட்டோடு சேர்ந்தால் பில் இருபதாயிரத்தைத் தொடும். வரவைப் பார்ப்போம். 2024 ஏப்ரல் ஹால்விங்கிற்கு (பரிசு பாதியாகக் குறைந்ததற்கு) பிறகு ஒரு பிளாக்குக்கு, அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்புக்கு, 3.125 பிட்காயின், உலகம் முழுவதற்கும் நாளொன்றுக்குச் சுமார் 450. உலகில் மைனிங் செய்யும் எல்லா இயந்திரங்களின் மொத்த வேகம் ஒரு ஸெட்டாஹாஷ் (நூறு கோடி டெராஹாஷ்), பிட்காயின் விலை ஒரு லட்சம் டாலர் என்று வைத்துக்கொண்டால், எஸ்9 ஈட்டுவது நாளுக்கு ஐம்பது ரூபாய்ச் சொச்சம். அதற்கு மின்சாரம் முந்நூறு ரூபாய்க்கு மேல். வெப்பத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. ஒரு டன் ஏ.சி. அறையிலிருந்து வெளியேற்றுவது ஏறத்தாழ 3,500 வாட் வெப்பம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு பெட்டியே கொட்டுகிறது.

அடுத்தது கனான் நிறுவனத்தின் அவலான் நேனோ 3எஸ். 6 டெராஹாஷ், 140 வாட். குளிர்ப் பிரதேசங்களில் சிறு ஹீட்டராகவும் பயன்படட்டும் என்று செய்த பொருள். மார்கழியில் காலருகே வைத்துக்கொண்டால் சுகமாகத்தான் இருக்கிறது. சித்திரையில் அதே அறையில் உட்கார முடியாது. சத்தம் மேசை விசிறி அளவுதான், குறைந்த வேகத்தில் தூங்கவும் முடியும். வரவும் செலவும் மேலே சொன்ன விலையில் நாளுக்கு இருபது, இருபத்தைந்து ரூபாய் என்று ஏறக்குறைய சரிக்குச் சரியாக நிற்கும். ஆனால் இரண்டு மாதத்தில் இது சேர்ப்பது 200 யூனிட். வழக்கமாக 350 யூனிட் ஓடும் வீடு 550க்குப் போய்விடும். 500ஐத் தாண்டியதும் கீழ்ப் படிகளில் கிடைத்த சலுகையும் பறிபோகும். இயந்திரத்துக்குப் போட்ட பணம் திரும்பாது.

வருமான வரியும் இருக்கிறது. கிரிப்டோ ஆதாயத்துக்கு 30 சதவீதம், அதற்கு மேல் செஸ். மைனிங் கட்டமைப்புக்கான செலவைக் கொள்முதல் விலையாகக் காட்ட முடியாது என்று 2022 மார்ச்சில் மக்களவையிலேயே அரசு சொல்லிவிட்டது.

எனக்குப் பிடித்தது பிட்டாக்ஸ் காமா. உள்ளங்கையளவு போர்டு, ஒரே ஒரு சிப். ஆனால் அந்தச் சிப், பெரிய இயந்திரமான ஆன்ட்மைனர் எஸ்21 ப்ரோவில் இருக்கும் பிஎம்1370. அதனால்தான் 18 வாட்டுக்குள் 1.2 டெராஹாஷ் தருகிறது. இரண்டு மாதத்துக்கு 26 யூனிட். பில்லில் தெரிவதே இல்லை. வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது என்பதால் பலர் செய்து விற்கிறார்கள், தரமும் ஆளுக்கு ஆள் மாறும். வாங்குபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். யுஎஸ்பி துளை மின்சாரத்துக்கு அல்ல. போன் சார்ஜரில் ஓடாது. மின்சாரம் வட்டத் துளை வழியாக 5 வோல்ட்டில் போக வேண்டும். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டரின் முனையும் பெரும்பாலும் அதே அளவு, ஆனால் அது 12 வோல்ட். செருகினால் போர்டு போயிற்று. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். கோடையில் சிப்பின் வேகத்தை 525 மெகாஹெர்ட்ஸிலிருந்து கொஞ்சம் இறக்கிவிடுகிறேன்.

இதை எந்தக் குழுவிலும் சேராமல் தனி ஆளாக ஓட்டினால் ஒரு பிளாக் சிக்க, சராசரியாக 16 ஆயிரம் ஆண்டுகள் ஆகும். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டை 2003இல் தடை செய்தார்கள். அந்த ஆசைக்கு இப்போது மேசைமேல் ஒரு சீட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. சின்னத் திரையில், இதுவரை பரிசுக்கு எவ்வளவு நெருங்கினோம் என்று காட்டும் 'பெஸ்ட் டிஃப்' எண் ஏறும்போது மனம் கொஞ்சம் துள்ளத்தான் செய்கிறது. மறைக்கவில்லை.

ஆன்ட்மைனர் எஸ்19 வாங்கலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. 95 டெராஹாஷ், 3,250 வாட். மேலே சொன்ன பிட்காயின் விலையில் நாளுக்கு 375 ரூபாய் வரும், மின்சாரத்துக்குத் தொள்ளாயிரத்துக்கு மேல் போகும். மாடியில் சோலார் இருப்பவர்கள் மின்சாரம் இலவசம்தானே என்கிறார்கள். நெட் மீட்டர் இருந்தால், வாரியத்துக்குப் போகும் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் பில்லில் கழிகிறது. அதை மைனிங்கில் எரித்தால், கழிய வேண்டிய யூனிட்டுக்கு நீங்கள்தான் பணம் கட்டுகிறீர்கள்.