படுக்கையில் கிடப்பவரைத் தேடிப் போவது யார்? தமிழ்நாடும் கேரளமும்

பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு மாத்திரை மட்டும் போதாது. சிறுநீர்க் குழாய் மாற்ற நர்ஸ் வரவேண்டும், படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போடவேண்டும். உதவித்தொகையும் வேண்டும். வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கும் ஏதாவது வழி வேண்டும். இதில் பாதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் பொறுப்பு, மீதி நலத்துறைகளின் பொறுப்பு.

தமிழ்நாடு இதை மருத்துவத் துறை வழியாகவே செய்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பிசியோதெரபிஸ்டும், நோய் ஆதரவு சிகிச்சை (குணமாகாத நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கும் பராமரிப்பு) தரும் நர்ஸும் தேவைப்படும் வீடுகளுக்கு வருகிறார்கள். மேலிருந்து ஒரே உத்தரவு என்பதால் மாநிலம் முழுக்க வேகமாகப் பரவியது. மாத்திரை விஷயத்தில் கேரளத்தைவிட இதுவே மேல் என்பேன். ஆனால் முதியோர் ஓய்வூதியம் வருவாய்த் துறையிடம். மாற்றுத்திறனாளி பராமரிப்புத் தொகை இன்னொரு துறையிடம். வீட்டு நிலைமையைக் கண்ணால் பார்க்கும் பெண்ணுக்கும், மனுவில் கையெழுத்திடும் தாசில்தாருக்கும் நடுவே நோயாளியின் குடும்பம்தான் அலைகிறது.

கேரளம் பஞ்சாயத்திலிருந்து ஆரம்பித்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் 1990களிலேயே கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்புக்கு வந்துவிட்டன. மலப்புறம் பக்கம் அக்கம்பக்கத்தார் கூடி நடத்திய வலி நிவாரணப் பணி வளர்ந்து, 2008இல் அரசின் கொள்கையானது. நர்ஸுக்கும் வண்டிக்கும் பணம் பஞ்சாயத்துடையது. திட்டத்தை நடத்துவது சுகாதார நிலைய டாக்டர். ஊரிலேயே இருக்கும் சுகாதாரப் பணியாளரான ஆஷாவும் வார்டு உறுப்பினரும் இதில் உண்டு. அதனால் புண்ணுக்குக் கட்டுப் போடப் போன இடத்தில் அடுப்பு எரியவில்லை என்று தெரிந்தால், அரிசிக்கு யாரைக் கேட்பது என்பதும் தெரிந்துவிடுகிறது. (டாக்டரும் உள்ளூர் அரசியல்வாதியும் ஒரே கோப்பில் வேலை செய்வது நம்மூரில் எத்தனை பேருக்குப் பிடிக்கும்!)

அங்கேயும் எல்லாம் ஒன்றாகிவிடவில்லை. பராமரிப்பவருக்கான 'ஆச்வாசகிரணம்' உதவித்தொகை, மாதம் 600 ரூபாய், சமூகப் பாதுகாப்பு மிஷன் வழியாகத் தனியாகத்தான் வருகிறது. பஞ்சாயத்து அசட்டையாக இருந்தால் நர்ஸ் வருகையும் தேயும்.

இருந்தாலும், வருடக்கணக்காகப் படுக்கையில் இருக்கப்போகிற ஒருவருக்கு எது நல்லது என்று கேட்டால், கேரள வழியைத்தான் சொல்வேன். தமிழ்நாடு அதை அப்படியே எடுப்பது கடினம். நம் சுகாதார நிலையங்கள் ஊராட்சியின் கையில் இல்லை. வீட்டுக்குப் போகும் தன்னார்வலரே ஓய்வூதிய மனுவையும் வாங்கி அனுப்பலாம் என்று ஓர் அரசாணை போட்டாலே பாதி அலைச்சல் மிச்சம்.