சுவர் வியர்க்கிறதா, ஊறுகிறதா?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், தெருமட்டத்துக்குக் கீழே ஓர் அறை இருக்கும் வீடுகளைக் காணலாம். எங்களுடையதும் அப்படித்தான். கீழறை அலுமாரியில் அம்மாவின் கூறைச்சேலை இருக்கிறது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அந்த அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

காற்றிழுக்கும் ஃபேன், தண்ணீர் தாங்கும் பெயின்ட், ஈரமுறிஞ்சி மெஷின் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். காசைக் கொட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓர் அடிச் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் முன்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். பின்பக்கம் நனைந்தால் மண்ணின் ஈரம். எங்கள் வீட்டில் மூன்று சுவர்களில் முன்பக்கம், தோட்டத்துச் சுவரில் மட்டும் பின்பக்கம்.

ஃபேன்தான் மலிவு. ஆனால் மழைக்காலக் கொழும்பில் அது வெளி ஈரத்தை உள்ளே கூப்பிடும் வேலை. வெளியே 28 பாகை வெப்பம், 85 சதவீத ஈரப்பதன் என்று வையுங்கள். அதே காற்று 26 பாகையில் இருக்கும் சுவரைத் தொட்டால் அங்கே ஈரப்பதன் 95 சதவீதத்தைத் தாண்டும். பூஞ்சணத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஜனவரி, பெப்ரவரி மத்தியானங்களில் போடலாம், அவ்வளவுதான்.

பெயின்டில்தான் நான் ஏமாந்தேன். மேசன் பாஸ் தோட்டத்துச் சுவருக்கு உள்ளே இரண்டு கோட் அடித்தார். எட்டு மாதத்தில் அப்பளம்போலப் பொருமி, விரலால் தட்டக் கொட்டுண்டது. அடியில் வெள்ளை உப்பு. தண்ணீர் பின்னாலிருந்து தள்ளும்போது முன்னால் ஒட்டிய தோல் எவ்வளவு நாள் நிற்கும்? பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுச் சீமெந்தோடு சேர்ந்து பிடிக்கும் வகையைப் பூசினால் இன்னும் அதிக நாள் தாங்கும். ஆனால் எங்கள் குற்றவாளி வெளியே இருந்தது: கூரைப் பீலியின் குழாய் நேராகச் சுவரடியில் கொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கானுக்குத் திருப்பியதே பாதி வைத்தியம்.

மற்ற மூன்று சுவர்களுக்கு மெஷின்தான். கம்ப்ரசர் உள்ளதை வாங்குங்கள். லண்டன் மச்சான் சிபாரிசு செய்யும் கம்ப்ரசர் இல்லாத வகை குளிர்நாட்டுக்குச் சரி. இங்கே கரண்டைத் தின்று அறையையும் சூடாக்கும். பெட்டியில் ‘ஒரு நாளைக்கு 20 லீற்றர்’ தண்ணீர் இழுக்கும் என்று போட்டிருப்பது பெரும்பாலும் 30 பாகை, 80 சதவீதத்தில் அளந்த கணக்கு. நம் காலநிலைக்கு அது அவ்வளவு தூரமில்லை. 300 வாட் மெஷின் பத்து மணித்தியாலம் ஓடினால் 3 யூனிட், மாதம் 90. பில் அடுத்த படிக்கு ஏறும். கதவு யன்னலைப் பூட்டி, 60 சதவீதத்தில் தானாக நிற்கும்படி வைத்தால் கொஞ்சம் தப்பலாம்.

ஈரத்தை உறிஞ்சும் கல்சியம் குளோரைட் உப்பு டப்பாக்கள் அறைக்குப் போதாது, அலுமாரிக்குப் போதும். கூறைச்சேலைக்குக் கீழ்த்தட்டில் ஒன்று வைத்திருக்கிறேன். நிரம்புமுன் மாற்றவேண்டும், அந்த உப்புத் தண்ணீர் சிந்தினால் துடைத்த இடம் மறுபடியும் மறுபடியும் பிசுபிசுக்கும்.