சாட்ஸ்வொர்த் மேட்டில் டியூப் மட்டம்: சாக்கடைக் குழாயின் வாட்டத்தை எவ்வளவு நம்பலாம்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் பழைய வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துக் கழிப்பறை வைக்க நினைத்தால், முதலில் தடுக்குவது சாக்கடை வரைபடம்தான். மேன்ஹோல் இருக்கும் இடம் தெரியும், ஆழம் எழுதியிருக்காது. கைபேசி காட்டும் உயரம் மீட்டர் கணக்கில் பிசகும். 110 மி.மீ. குழாய்க்கு பிளம்பர்கள் வழக்கமாக எடுக்கும் 1:60 வாட்டத்துக்கு (60 மீட்டர் ஓட்டத்தில் ஒரு மீட்டர் இறக்கம்), 22 மீட்டரில் இறக்கமே 367 மி.மீ.தான். இந்த அளவைப் பிடிக்க ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் தெளிவான டியூப் நன்றாகவே உதவுகிறது. 10 மி.மீ. உள்விட்டம், 30 மீட்டர் நீளம் வாங்குங்கள். இதைவிடச் சன்னமானதில் காற்றுக்குமிழி எளிதில் வெளியேறாது.

வாளியை உயரத்தில் வைத்து, டியூபில் மெதுவாக நீர் இழுத்து நிரப்ப வேண்டும். இரு முனைகளையும் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். மட்டம் ஒன்றாக இல்லையென்றால் உள்ளே குமிழி இருக்கிறது. ஒரு முனை வெயிலிலும் மறுமுனை நிழலிலும் இருப்பதும் பிழை தரும்: 10 டிகிரி வித்தியாசத்துக்கு, ஒரு மீட்டர் உயரம் நிற்கும் நீரில் சுமார் 3 மி.மீ.

இனி அளவு. டியூபின் ஒரு முனையை மேல் மேன்ஹோலிலும் மறுமுனையைக் கீழ் மேன்ஹோலிலும் பிடித்தால், இரண்டிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும். அங்கிருந்து கீழே அளக்க வேண்டும். மேல் மேன்ஹோலில் டியூபின் நீர்மட்டத்திலிருந்து, வெளியேறும் குழாயின் உள்ளடி வரை 1,640 மி.மீ.; கீழ் மேன்ஹோலில், உள்ளே வரும் குழாயின் உள்ளடி வரை 2,010. வித்தியாசம் 370. நீளம் 22 மீட்டர் என்றால் வாட்டம் ஏறக்குறைய 1:59. பலர் சறுக்குவது கீழ் மேன்ஹோலில்தான். தொட்டியின் தரையை அளந்துவிடுவார்கள். வரும் குழாய் தரைக்கு 150 மி.மீ. மேலே வாய் திறந்திருந்தால், அந்த வீழ்ச்சியும் வாட்டத்தில் சேர்ந்துவிடும். 1:59 உள்ள குழாய் 1:42 என்று காட்டும். வண்டலை வழித்துவிட்டு, கோலைக் குழாய் வாயிலேயே ஊன்றி அளக்க வேண்டும். விஷவாயு இருக்கும், உள்ளே இறங்கவே கூடாது, எல்லாம் மேலிருந்தே.

இரு முனைகளிலும் சேர்த்து 10 மி.மீ. பிசகினாலும் 22 மீட்டரில் விடை 1:58க்கும் 1:61க்கும் நடுவில்தான் நிற்கும். அதே பிசகு 4 மீட்டர் துண்டில் 1:52 முதல் 1:70 வரை இழுக்கும். குட்டை ஓட்டத்துக்கு இந்தக் கருவி வேண்டாம், ஆட்டோ லெவலை (முக்காலியில் வைத்துப் பார்க்கும் மட்டக் கருவி) வாடகைக்கு எடுப்பதே சரி.

நடுவில் ஒரு மேன்ஹோல் கான்கிரீட்டுக்கு அடியில் புதைந்திருந்தால், கிடைப்பது சராசரி வாட்டம் மட்டுமே. மண் இறங்கிக் குழாய் தொய்ந்திருந்தாலும் கணக்கு அழகாகத்தான் வரும். மேலே ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி, ஓட்டம் நின்றபின் குழாய்க்குள் கேமரா விடுங்கள். லென்ஸ் முங்கும் இடம்தான் பள்ளம். அது தெரியாமல் புதிய இணைப்பைக் கொடுக்காதீர்கள்.

சரிவு ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் டியூபை இரண்டு மூன்று படியாக மாற்றிப் பிடிக்க வேண்டும். பிழை கொஞ்சம் கூடும், ஆனால் 1:10 போலச் சரியும் குழாயில் அது பெரிதல்ல. முனைகளை அடைக்க இரண்டு மூடிகளும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அளக்கும்போது இரண்டையும் திறந்துவிட வேண்டும், ஒன்று மூடியிருந்தாலும் நீர் மட்டத்துக்கு வராது.