ஃப்ரெஷ் காயா, ஃப்ரோசன் காயா?

காய்கறி விஷயத்தில் நான் கட்சி மாறி ஒன்றரை வருடம் ஆகிறது. பட்டாணி, பீன்ஸ், சோளம், கீரை எல்லாம் இப்போது ஃப்ரோசன் பாக்கெட்தான். வெங்காயம், தக்காளி, வெள்ளரி மட்டும் பழையபடி ஃப்ரெஷ்.

ருசியில் ஃப்ரெஷ்தான் ஜெயிக்கும், அதில் சண்டையே இல்லை. பச்சையாகச் சாப்பிடும் எதற்கும் ஃப்ரோசன் லாயக்கில்லை. உறையும்போது காய்க்குள் இருக்கும் நீர் பனிப்படிகமாகித் திசுக்களைக் கிழித்துவிடும். உருகினால் தொளதொளவென்று ஆகிவிடும்.

சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. உறைய வைப்பதற்கு முன் கொதிநீரில் சிறிது நேரம் முக்கி எடுப்பார்கள். அதில் வைட்டமின் சி கொஞ்சம் போகும். ஆனால் காயைக் கெடுக்கும் நொதிகள் (என்சைம்கள்) அடங்கிவிடுவதால் அப்புறம் இழப்பு மெதுவாகத்தான் நடக்கும். ஃப்ரிட்ஜில் கிடக்கும் ஃப்ரெஷ் கீரையோ நாளுக்கு நாள் இழந்துகொண்டே இருக்கும்.

என்னை மாற்றியது குப்பைத்தொட்டிதான். ஞாயிற்றுக்கிழமை உற்சாகமாக வாங்கிய கீரை, வியாழக்கிழமை ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் கறுத்துப் பிசுபிசுத்து, கவரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். பாதி வாரங்கள் இதே கதை. 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன், அதில் 60 சதவீதம் வீடுகளில் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. அதில் என் கீரையும் சேர்த்திதான். பாக்கெட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு, வாயை மடித்து கிளிப் போட்டு உள்ளே தள்ளினால் போதும். கிலோ விலையைப் பார்த்து மிரள வேண்டாம். தோல், காம்பு, எறிந்தது எல்லாம் கழித்து, தட்டுக்கு வந்த அளவுக்கு என்ன செலவு என்று பாருங்கள். என் வீட்டுக் கணக்கில் ஃப்ரோசன் நஷ்டமில்லை.

வாங்கும்போது பாக்கெட்டை அமுக்கிப் பாருங்கள். பட்டாணி தனித்தனியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால் வழியில் உருகி மறுபடி உறைந்திருக்கலாம், வைத்துவிடுங்கள். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கட்டும். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். நிரம்பிய ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24.

மீன், இறைச்சியை நான் இப்படி வாங்கிப் பழகவில்லை, அதனால் இந்தத் தீர்ப்பு காய்களுக்கு மட்டும். இன்னொன்று, ஃப்ரீசரில் இடம் வேண்டும். ஐஸ்கிரீம் வைக்க மூலையே இல்லை என்ற புகார் எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை.