இணையவழியில் புள்ளியியல் படித்து 2 வருஷம் ஆகிறது: எது நின்றது, எது மறந்தது

கல்லூரி முதலாண்டில் சொல்லிக்கொடுக்கிற அறிமுகப் புள்ளியியலும் நிகழ்தகவும், 12 வாரம், முழுக்க இணையவழி, ஆங்கிலத்தில். முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்போதே எழுதியிருந்தால் சான்றிதழ் வந்த சந்தோஷத்தில் எல்லாமே நன்றாக இருக்கிறது என்று எழுதியிருப்பேன். இப்போதுதான் எது தினமும் வேலைக்கு ஆகிறது, எது அடுத்த மாசமே மறந்துபோனது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. நடத்திய நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம், இதே அமைப்பில் நிறைய இடங்களில் நடத்துகிறார்கள்.

நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன், பதினோரு வருஷமாக. படித்தது தமிழ்வழியில் பி.காம். செக்கிங் டேபிளில் ஆரம்பித்து ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் வரை வந்தேன். தினமும் ஒரு அட்டவணையைப் பார்த்துத்தான் லாட் (ஒன்றாக வருகிற சரக்குத் தொகுதி) பாஸா பெயிலா என்று சொல்கிறேன், ஆனால் அந்த அட்டவணையில் அந்த எண்கள் ஏன் இருக்கின்றன என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்காகத்தான் சேர்ந்தேன்.

முதல் மூன்று வாரம் சுலபம். சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், வரைபடங்கள். பி.காமில் பார்த்ததுதான். வேலை முடிந்து வந்து எட்டரை மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பதரைக்கு வீடியோவும் முடிந்துவிடும், வினாடி வினாவும் முடிந்துவிடும்.

நாலாவது வாரம் நிகழ்தகவு. அங்கேதான் நின்றுவிட்டேன். வீடியோ பார்க்கும்போது எல்லாமே புரிகிறது, ஆசிரியர் படிப்படியாகப் போகிறார், நாமும் தலையாட்டுகிறோம், அடுத்த நிமிஷம் கணக்கைத் திறந்தால் முதல் வரிக்கே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இதைச் சேர்வதற்கு முன்னால் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். வாரத்துக்கு 6 மணி நேரம் போதும் என்று அறிமுகப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு நாலாவது வாரத்திலிருந்து 10 மணி நேரத்துக்குக் குறைந்து ஒரு வாரம்கூட முடிந்ததில்லை, அதில் முக்கால்வாசி நோட்டும் பேனாவுமாகப் போன நேரம்.

அந்த முடிச்சு அவிழ்ந்தது வீட்டுத் தாயக்கட்டையால். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தாயம் ஆடிக்கொண்டிருந்தேன். எனக்குத் தாயமே விழவில்லை, காய் இறங்கவே இல்லை. "உனக்கு இன்னிக்குக் கட்டை ராசியில்ல கண்ணு" என்றார் அம்மா. கட்டையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் வெறும் பக்கம். ஆக மொத்தம் 16 விதமாக விழலாம். தாயம் விழ ஒரு கட்டையில் ஒன்றும் இன்னொன்றில் வெறும் பக்கமும் வர வேண்டும், அதற்கு இரண்டே வழி. 16இல் 2, அதாவது எட்டில் ஒன்று. மூன்று விழ நாலு வழி. பன்னிரண்டுக்கு ஒரே வழி. நோட்டை எடுத்து வந்து 16 கட்டம் போட்டு அம்மாவிடம் காட்டினேன். எட்டில் ஒன்று என்றால் எட்டு தடவை உருட்டினால் ஒரு தாயம் கட்டாயம் விழ வேண்டுமே என்று அவர் கேட்டார். அது சரியான கேள்வி, அந்த வாரத்துப் பாடமே அதுதான். எட்டு தடவையும் விழாமல் போக எட்டில் ஏழை எட்டு முறை பெருக்க வேண்டும், 0.34 வருகிறது. மூன்று பேர் ஆடினால் ஒருத்தருக்கு எட்டு உருட்டலிலும் தாயம் விழாது என்பது சர்வ சாதாரணம். அம்மா ராசியை விடவில்லை, ஆனால் எனக்கு அன்றைக்கு நிகழ்தகவு கைக்குள் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு புது விஷயத்தையும் எனக்குத் தெரிந்த ஒரு பொருளில் போட்டுப் பார்க்காமல் அடுத்த வீடியோவுக்குப் போனதில்லை.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் பெரிய தடை இல்லை, வீடியோவில் எழுத்தும் ஓடும், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் ஒரு கருத்து முதல்முதலாகத் தலைக்குள் இறங்குவதற்கு எனக்குத் தமிழ் வேண்டியிருந்தது. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் நூலின் இரண்டாம் தொகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சமவாய்ப்பு மாறி, ஈருறுப்புப் பரவல், பாய்சான் பரவல், இயல்நிலைப் பரவல், மாதிரிக் கணிப்பு, புள்ளியியல் தரக் கட்டுப்பாடு வரை அதில் இருக்கிறது. 'ஈருறுப்பு' என்ற சொல்லே பாதி விளக்கம்: பாஸ் அல்லது பெயில், இரண்டே உறுப்பு. தமிழ்வழியில் படித்துவிட்டு இந்தப் பக்கம் வரத் தயங்குகிறவர்கள் அந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைரியமாகச் சேரலாம். கான் அகாடமியிலும் பயிற்சிக் கணக்குகள் இலவசமாக நிறைய இருக்கின்றன, எனக்கு அவை ரொம்ப உதவின. ஹார்வர்டில் ஜோ பிளிட்ஸ்டைன் நடத்திய ஸ்டாட் 110 வகுப்புகளும் யூடியூபில் இருக்கின்றன, அருமையான வகுப்பு, ஆனால் நுண்கணிதம் தெரிந்திருக்க வேண்டும். நான் சில வகுப்புகளோடு நிறுத்திவிட்டேன்.

நிபந்தனை நிகழ்தகவு, அதாவது ஒன்று நடந்தது தெரிந்தபின் இன்னொன்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பது. அந்த வாரத்தில் நோய்ப் பரிசோதனை உதாரணம் கொடுத்தார்கள். எனக்கு அதைவிட எங்கள் ஊசி கண்டுபிடிக்கும் மெஷின்தான் பொருத்தமாக இருந்தது. தைக்கும்போது உடைந்த ஊசி முனை துணிக்குள் போய்விடக் கூடாது என்று பேக்கிங்குக்கு முன்னால் ஒவ்வொரு பீஸையும் அதில் விடுவோம். ஆயிரம் பீஸில் ஒன்றில் ஊசி முனை இருக்கிறது, மெஷின் அதைத் தவறாமல் பிடிக்கும், நல்ல பீஸ்களிலும் 2 சதவீதத்துக்குச் சும்மா கத்தும் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பீஸில் 21 தடவை கத்தும், அதில் ஒன்றுதான் நிஜம். மெஷின் நல்ல மெஷின்தான், ஆனால் அது கத்தினால் ஊசி இருக்க வாய்ப்பு 21இல் ஒன்று. நாள் முழுக்க வெறும் சத்தத்தையே கேட்கிறவர்களுக்கு இருபத்தோராவது சத்தம் காதில் ஏறாமல் போவது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது. இன்னொரு தடவை விட்டுப் பார்த்தால் போதுமே என்று தோன்றும். ஜிப்பில் இருக்கிற உலோகத்தால் கத்தியிருந்தால் இரண்டாம் தடவையும் அதே ஜிப்புக்குத்தான் கத்தும், இரண்டும் சார்பிலா நிகழ்ச்சிகள் (ஒன்று இன்னொன்றைப் பாதிக்காதவை) கிடையாது. இதை வைத்துத்தான், கத்துகிற பீஸை மறுபடி அப்படியே விடாமல், துணியைத் திருப்பி, மடித்து, பகுதி பகுதியாக விடச் சொல்கிறேன்.

சரி, நான் சேர்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். 2,500 பீஸ் லாட் என்றால் அட்டவணைப்படி 125 பீஸ் எடுத்துப் பார்ப்போம். பெரிய குறைகளுக்கு ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர எல்லை) 2.5 சதவீதம் என்றால் குறையுள்ள பீஸ் 7 வரை பாஸ், 8 வந்தால் பெயில். அமெரிக்க ராணுவத்தின் மில் ஸ்டாண்டர்டு 105 அட்டவணைகளிலிருந்து இன்றைய ஐ.எஸ்.ஓ. 2859 வரை வந்த முறை இது. ஏழு ஏன், எட்டு ஏன்? ஈருறுப்புப் பரவல் (இத்தனை பீஸில் இத்தனை பெயில் வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்வது) முடிந்த அன்றைக்கு இரவே கணக்குப் போட்டேன். முதலில் கையால் இரண்டு மூன்று வரி, அப்புறம் கம்ப்யூட்டர் ஷீட்டில்.

லாட்டில் நிஜமாகவே 2.5 சதவீதம்தான் குறை என்றால், 125 எடுத்துப் பார்க்கும்போது அது பாஸாக 100க்கு 98 தடவைக்கு மேல் வாய்ப்பு. நல்ல லாட்டை இந்த முறை காப்பாற்றுகிறது. 10 சதவீதம் குறை உள்ள லாட் என்றால் 100க்கு 6 தடவைதான் தப்பிக்கும். அதுவும் சரி. நடுவில் 5 சதவீதம் போட்டுப் பார்த்தேன். 71 வந்தது. தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன், அதே 71. குறை இரண்டு மடங்கு இருக்கிற லாட் 100க்கு 71 தடவை என் கையெழுத்தோடு வெளியே போகும். பதினோரு வருஷத்தில் பாஸ் என்று நான் எழுதின எத்தனை லாட் அப்படிப் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏ.க்யூ.எல். 2.5 என்றால் அதற்கு மேல் குறை போகவே போகாது என்றுதான் எங்கள் கம்பெனியில் எல்லோரும் நினைத்திருந்தோம், நானும்தான்.

அடுத்த மாசமே அதற்கு வேலை வந்தது. ஒரு லாட்டில் சரியாக 8 வந்தது, தையல் விட்டது ஐந்து, எண்ணெய்க் கறை மூன்று. புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து, "ஏனுங்க அம்மிணி, ஒரு பீஸு கூட வந்ததுக்கு மொத்த லாட்டையும் பிரிக்கறதா?" என்று கேட்டார். முன்னெல்லாம் "அட்டவணை அப்படித்தானுங்க சார்" என்று மட்டும்தான் சொல்வேன், அதற்கு மேல் பேச என்னிடம் ஒன்றும் இருக்காது. அன்றைக்கு, "நல்ல லாட்டா இருந்தா 125ல எட்டோ அதுக்கு மேலயோ வர நூத்துல ஒண்ணு ரெண்டு தடவைதானுங்க சார். இது அந்த ஒண்ணுன்னு நம்பி அனுப்பறதா, இல்ல லாட்டுலயே கோளாறுன்னு பிரிச்சுப் பாக்கறதா, நீங்களே சொல்லுங்க" என்றேன். கார்ட்டனைப் பிரித்தோம். ஒரே லைனில் வந்த பீஸ்களில்தான் தையல் விட்டிருந்தது.

கடைசி நாலு வாரம், அதாவது நம்பிக்கை இடைவெளி (மாதிரியை வைத்து உண்மையான சராசரி எதிலிருந்து எது வரை இருக்கலாம் என்று கணிப்பது), கருதுகோள் சோதனை (ஒரு கூற்றுக்கு எதிராக மாதிரியில் ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பது). படிப்பில் இதுதான் பலவீனமான பகுதி என்பது என் கருத்து. எந்தக் கேள்விக்கு எந்தச் சூத்திரம் என்று மனப்பாடம் செய்தாலே மதிப்பெண் வந்துவிடுகிறது. டி-சோதனை நடத்தும்போது அதைக் கண்டுபிடித்த வில்லியம் காசெட் டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்தவர், சின்ன மாதிரிகளை வைத்து முடிவெடுக்க வேண்டிய கட்டாயத்தில் அதைச் செய்தார், 1908இல் ஸ்டூடன்ட் என்ற புனைபெயரில் வெளியிட்டார் என்று ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். ஆலையில் வேலை பார்க்கிற எனக்கு அந்த ஒரு வரியே பெரிய ஊக்கமாக இருந்தது, அதை வைத்தே அந்த வாரம் முழுக்க நடத்தியிருக்கலாம்.

இதையும் துணியில் போட்டுப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். 180 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை கேட்டிருந்த ஆர்டர். பத்து ரோலில் ரவுண்டு கட்டரால் வெட்டி எடை போட்டேன், சராசரி 176, திட்ட விலக்கம் 5. கணக்குப் போட்டால் 95 சதவீத இடைவெளி 172.4இலிருந்து 179.6 வரை. 180 அதற்கு வெளியே நிற்கிறது, அதனால் துணி சொன்ன எடையில் இல்லை என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்த ஆர்டரில் பையர் 5 சதவீதம் வரை கூடக் குறைய விடுவார், 171 வரை சரி. ஆக துணி பாஸ். புள்ளியியல்படி வித்தியாசம் இருப்பது வேறு, அந்த வித்தியாசம் வேலைக்கு முக்கியமா என்பது வேறு. ஒன்பதாவது வாரத்தில் இதை இரண்டு நிமிஷம்தான் சொன்னார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த நாலு வாரத்தில் என்னிடம் முழுசாக நிற்பது இது ஒன்றுதான். கை-வர்க்கச் சோதனை, ஒருபுறமா இருபுறமா, எந்த அட்டவணை, எல்லாமே மறந்துவிட்டது, தேவைப்பட்டால் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

குறைகள். தானாகத் திருத்துகிற முறையில் விடையை நாலு தசமத்துக்குக் கொடுக்க வேண்டும், நடுவில் எங்காவது சுருக்கிவிட்டால் கடைசி இலக்கம் மாறி முழுத் தவறு என்று வந்துவிடும், எங்கே பிசகினோம் என்று காட்டாது. ஒரு கணக்குக்கு மூன்று இரவு போனது, முறையெல்லாம் சரி, 0.7117க்குப் பதிலாக 0.7116 போட்டதுதான் தவறு. சந்தேகம் கேட்கும் இடத்தில் நான் கேட்ட ஐந்து கேள்வியில் இரண்டுக்குத்தான் பதில் வந்தது, இரண்டுமே கூடப் படித்தவர்கள் சொன்னது. தேர்வு கேமரா கண்காணிப்பில். நடுவில் கரண்ட் போய், மோடம் அணைந்து, 14 நிமிஷம் கழித்துத்தான் உள்ளே போக முடிந்தது. அந்த நேரத்தைத் திருப்பித் தரவில்லை, எழுதிக் கேட்டதற்குப் பொதுவான ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான். தேர்வு எழுதப் போகிறவர்கள் போனில் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள், மடிக்கணினியை முழுக்க சார்ஜ் செய்துகொள்ளுங்கள்.

பணம் கட்டியது வீணா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். சான்றிதழ் தேவையில்லாதவர்கள், தாங்களே உட்கார்ந்து படிக்கிற பழக்கம் உள்ளவர்கள், இலவசமாகக் கிடைப்பதை வைத்தே இதே பாடத்தை முடித்துவிடலாம். எனக்கு வாரக் கெடு வேண்டியிருந்தது, ஞாயிறு இரவு பதினொன்றரைக்குள் அனுப்ப வேண்டும் என்று இல்லாவிட்டால் ஐந்தாவது வாரத்திலேயே விட்டிருப்பேன். உங்கள் வேலையிலோ வீட்டிலோ தினமும் எண்ணுகிற, அளக்கிற ஏதாவது ஒன்று இருந்தால் அந்த எண்களை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு சேருங்கள், பாடத்தில் வரும் உதாரணத்தை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள்.

அந்த 125 பீஸ் கணக்கை இப்போது ஒரு தாளில் எழுதி செக்கிங் டேபிளுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன், 2.5, 5, 10 சதவீதத்துக்கு எவ்வளவு வாய்ப்பு என்று மூன்றே வரி. டேபிளில் இருக்கிற இரண்டு பெண்கள் அது எப்படி வந்தது என்று கேட்டார்கள். போன மாசத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். தாயக்கட்டையில் ஆரம்பித்து, இந்த வாரம் 16 கட்டம் முடிந்திருக்கிறது.