எல்.எல்.எம்.: ஓராண்டா, இரண்டாண்டா? விதிப் புத்தகத்தைத் திறந்து வைத்து ஓர் ஒப்பீடு

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வான கிளாட் நெருங்கும் மாதங்களில் எங்கள் வக்கீல் சேம்பரில் யாராவது ஒரு ஜூனியர் டீ கிளாசோடு வந்து நிற்பது வழக்கம். "அண்ணே, எல்.எல்.எம். பண்ணலாம்னு இருக்கேன். ஒரு வருஷக் கோர்ஸா, ரெண்டு வருஷக் கோர்ஸா?" என்று இந்த முதுநிலைச் சட்டப் படிப்பைப் பற்றிக் கேட்பார்கள். சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஒருவர் "ஒரு வருஷம் செல்லாதாம்ப்பா" என்பார். இன்னொருவர் "எதுவானா என்ன, போர்டுல போட்டுக்க மூணு எழுத்துதானே" என்பார். எங்கள் சீனியருக்கு இந்த மூன்றெழுத்தே புதுசு; அவர் காலத்துச் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் எம்.எல்., அவருடைய பெயர்ப்பலகையில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

இரண்டு பட்டத்தின் விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வித்தியாசம் வெறும் பன்னிரண்டு மாதம் இல்லை என்பது தெரியும். தமிழ்நாட்டில் கண்ணெதிரே இரண்டுக்கும் உதாரணம் இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் எல்.எல்.எம். இரண்டாண்டு, நான்கு செமஸ்டர். திருச்சியில் நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு. மாநிலம் ஒன்று, பட்டத்தின் பெயரும் ஒன்று. விதிகள்தான் வேறு வேறு.

முதலில் ஓராண்டு. இதன் அடிப்படை, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2012-ல் வகுத்த ஓராண்டு எல்.எல்.எம். வழிகாட்டு நெறிமுறைகள். மொத்தம் 24 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு). மூன்று கட்டாயத் தாள்கள்: ஆராய்ச்சி முறைகளும் சட்ட எழுத்தும், ஒப்பீட்டுப் பொதுச் சட்டம், உலகமயச் சூழலில் சட்டமும் நீதியும். அப்புறம் எடுத்துக்கொண்ட சிறப்புப் பிரிவிலிருந்து ஆறு விருப்பத் தாள்கள், கடைசியில் ஓர் ஆய்வேடு. இதை மூன்று டிரைமெஸ்டராகவோ இரண்டு செமஸ்டராகவோ நடத்தலாம். டிரைமெஸ்டர் என்றால் ஒவ்வொன்றும் 12 வாரம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 36 வாரம், ஒன்பது தாள். ஒரு தாளுக்குச் சராசரியாக நான்கு வாரம்தான். அதற்குள் பாடம், செமினார், புராஜெக்ட், தேர்வு எல்லாம் முடிய வேண்டும். ஆய்வேட்டுக்கு என்று தனியாக வாரம் எதுவும் மிச்சமில்லை. இவற்றுக்கு நடுவே திருடிய நேரத்தில்தான் அது வளர வேண்டும்.

அந்த நெறிமுறையில் பலர் கண்ணில் படாத இன்னொரு வரி உண்டு. வகுப்பு, செமினார், களப்பணி, புராஜெக்ட் எல்லாம் சேர்த்து வாரத்துக்குக் குறைந்தது 30 மணி நேரம். "காலையில கோர்ட், மத்தியானம் கிளாஸ்" என்று மனக்கோட்டை கட்டும் ஜூனியர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வரியைத்தான். ஓராண்டுக் கோர்ஸில் சேர்ந்தால் அந்த ஓராண்டு கோர்ட் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்தா வாங்க வேறு யாரையாவதுதான் அனுப்ப வேண்டும்.

இரண்டாண்டின் விதிகள் பழைய வார்ப்பு. தாள்கள் அதிகம், ஆய்வேட்டுக்குப் பெரும்பாலும் கடைசி செமஸ்டரை ஒதுக்குவார்கள். நடுவில் ஒரு கோடை விடுமுறையும் கிடைக்கும். அதைவிட முக்கியமாக, பல பல்கலைக்கழகங்களில் செய்முறைத் தேர்வு என்று ஒன்று உண்டு. அதில் ஒரு பகுதி பாடம் நடத்துவது: எல்.எல்.எம். மாணவரே எல்.எல்.பி. வகுப்பில் போய் நின்று நடத்த வேண்டும், பேராசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்.

எனக்கு வந்த தலைப்பு குற்ற மனம், அதாவது குற்றத்தின் பின்னால் இருக்கும் எண்ணம். வாசித்துத் தள்ளியிருந்தேன், தீர்ப்புகளின் பெயர் எல்லாம் நுனி நாக்கில். பத்தே நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து, "சார், வேண்டுமென்றே செய்வதும் தெரிந்தே செய்வதும் ஒன்றில்லையா?" என்று கேட்டாள். சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றேன். பதில் தெரியும், சொல்லத்தான் தெரியவில்லை. அன்று கடைசி பெஞ்சில் இருந்து எனக்கு விழுந்த மதிப்பெண்ணை இங்கே எழுத மாட்டேன். ஆனால் பாடம் நடத்துவது ஒரு தனி வேலை என்று புரிந்தது அன்றுதான். யுஜிசியின் 24 கிரெடிட் கணக்கில் இதற்குத் தனி இடம் இல்லை. கற்பிக்கும் வேலையைக் குறிவைக்கிற ஒருவருக்கு இரண்டாண்டுதான் சரி என்று நான் சொல்வதற்கு, கிரெடிட் கணக்கைவிட அந்தச் சாக்பீஸ்தான் காரணம்.

சரி, "ஒரு வருஷம் செல்லாது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2020-ஆம் ஆண்டு விதிகளிலிருந்து. 2021 ஜனவரியில் அரசிதழில் வந்த அந்த விதிகள், எல்.எல்.எம். என்றால் நான்கு செமஸ்டர் கொண்ட இரண்டாண்டுப் படிப்புதான், ஓராண்டுப் படிப்பு இனி வேண்டாம் என்றன. சேர்க்கைக்கு பார் கவுன்சிலே அகில இந்தியப் பொது நுழைவுத் தேர்வு நடத்தும் என்றும் சொன்னது. உடனே வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பும் எதிர்த்தது. 2021 பிப்ரவரியில், 2021–22 கல்வியாண்டில் இதை அமல்படுத்தப் போவதில்லை என்று பார் கவுன்சில் நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. அதன் பிறகும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் ஓராண்டு எல்.எல்.எம்.முக்கு ஆள் எடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. 2025-ல் உச்ச நீதிமன்றமே, கல்வியாளர்கள் பார்க்க வேண்டிய எல்.எல்.எம். விஷயத்தில் பார் கவுன்சில் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்டது.

என்னைக் கேட்டால், பார் கவுன்சிலின் வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. 36 வாரத்தில் ஒரு துறையில் ஆழம் வராது என்பது உண்மைதான். ஆனால் வக்கீலாகப் பதிவு செய்ய எல்.எல்.எம். தேவையே இல்லை; 1961-ஆம் ஆண்டு வழக்குரைஞர்கள் சட்டம் கேட்பது இளநிலைச் சட்டப் பட்டத்தைத்தான். தொழிலுக்குள் நுழையும் வாசலில் நிற்காத ஒரு பட்டத்துக்கு, வாசல் காப்பவர் கால அளவு சொல்வது கொஞ்சம் அதிகம். இப்போதைக்கு ஓராண்டுப் பட்டம் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே நேரம், இந்தச் சர்ச்சை தீர்ந்து போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம்.

உண்மையில் யோசிக்க வேண்டிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிஎச்.டி.க்கான யுஜிசியின் 2022 விதிகளை எடுத்துப் பாருங்கள். நான்காண்டு இளநிலைக்குப் பின் ஓராண்டு முதுநிலை, அல்லது மூன்றாண்டு இளநிலைக்குப் பின் இரண்டாண்டு முதுநிலை, 55 சதவீத மதிப்பெண்ணோடு வேண்டும் என்கிறது விதி. இவற்றுக்கு இணையானதாக அறிவிக்கப்பட்ட தகுதியும் போதும். பிளஸ் டூ முடித்து ஐந்தாண்டுச் சட்டம் படித்தவர் முதல் கதவில் நிம்மதியாக நுழைந்துவிடுவார். பி.காம். முடித்து, மூன்றாண்டு எல்.எல்.பி. முடித்து, அதன் மேல் ஓராண்டு எல்.எல்.எம். முடித்தவர்? ஆறு வருடம் படித்த பிறகுதான் முதுநிலைக்கே வந்திருக்கிறார். ஆனால் வரியை எழுத்துக்கு எழுத்து படிக்கும் ஒரு அலுவலகக் கண்ணுக்கு அது மூன்று கூட்டல் ஒன்று. நாம் எல்லாரும் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படித்துப் பிழைப்பவர்கள். அந்தக் கண் எப்படிப் படிக்கும் என்று நமக்குத் தெரியாதா? மூன்றாண்டு எல்.எல்.பி.காரர்கள் ஓராண்டில் சேருமுன், தாங்கள் பிஎச்.டி. செய்ய நினைக்கும் பல்கலைக்கழகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. வாய் வார்த்தை வேண்டாம்.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் விஷயத்தில் ஓராண்டுக்கு ஒரு சின்ன லாபம். முதுநிலை இறுதியாண்டில் இருப்பவர்கள் எழுதலாம் என்பதால், ஓராண்டில் சேர்ந்தவர் சேர்ந்த நாளிலிருந்தே இறுதியாண்டு மாணவர்தான். நெட் வழியாகக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப்பின் வயது வரம்பில் எல்.எல்.எம். பட்டம் பெற்றவர்களுக்கு மூன்று வருடத் தளர்வு உண்டு என்பதையும் பலர் கவனிப்பதில்லை. சில வருடம் பிராக்டிஸ் பண்ணிவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

வெளிநாட்டு ஓராண்டு எல்.எல்.எம். பற்றியும் கேட்பார்கள். பார் கவுன்சிலின் அதே 2020 விதிகள்படி அது இந்திய எல்.எல்.எம்.முக்கு இணையில்லை; நல்ல தரமதிப்புள்ள பல்கலைக்கழகத்தில் எல்.எல்.பி.க்குப் பின் வாங்கியதாக இருந்தால், இங்கே ஓராண்டாவது வருகைப் பேராசிரியராக வேலை பார்த்த பிறகு இணையாகக் கருதலாம். தொலைநிலைக் கல்வியில் எல்.எல்.எம். என்று விளம்பரம் பார்த்தால் அப்படியே கடந்து போங்கள். சட்டத்தைத் தொலைநிலையில் நடத்தவே யுஜிசியின் 2020 விதிகள் தடை போட்டிருக்கின்றன. ஆன்லைன், வார இறுதி வகையறாக்கள் மேலும் பார் கவுன்சில் 2025-ல் எச்சரிக்கை விட்டிருக்கிறது. வேலையையும் விடாமல் படித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பாக மூன்றாண்டு எல்.எல்.எம். உண்டு. அதற்காக டெல்லிக்குக் குடிபோவது வேறு கதை.

சேர்க்கைக்கு வருவோம். திருச்சிக்கு கிளாட் முதுநிலைத் தேர்வு: 120 கேள்வி, இரண்டு மணி நேரம், தப்பானால் கால் மதிப்பெண் கழியும். தேர்வு டிசம்பரிலேயே வந்துவிடுவதால், இறுதியாண்டு படிக்கும்போதே முடிவெடுத்தாக வேண்டும். அம்பேத்கர் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கணிசமாகக் குறைவு. ஆனால் விண்ணப்பமே பிரிவுவாரியாகத்தான். அரசியலமைப்பா, வணிகச் சட்டமா, அறிவுசார் சொத்துரிமையா என்று சேருமுன்பே தெரிந்திருக்க வேண்டும். "சேர்ந்துட்டுப் பாத்துக்கலாம்" அங்கே எடுபடாது.

போன வருடம் எங்கள் சேம்பரிலிருந்து இருவர் கிளம்பினார்கள். ஒருவர் பி.எஸ்சி.க்குப் பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. முடித்த தங்கை, சட்டக் கல்லூரி வேலைதான் அவருடைய கனவு. அவரிடம் இரண்டாண்டு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன். மற்றவர் ஐந்தாண்டு முடித்த தம்பி, கம்பெனி வேலைக்குப் போகிறவன், வீட்டில் இன்னொரு வருடம் காத்திருக்க வசதியில்லை. அவனுக்கு ஓராண்டு. தங்கை இப்போது வணிகச் சட்டத்தில் முதல் செமஸ்டர் அரியர் இல்லாமல் முடித்துவிட்டு, விடுமுறையில் சேம்பருக்கு வந்து பழைய கட்டுகளைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார். தம்பி போன வாரம் இரவு பதினொன்றரைக்கு போன் செய்தான். ஆய்வேட்டுக்கான சினாப்சிஸ் (சுருக்கம்) கொடுக்க இன்னும் ஒன்பது நாள்தானாம், தலைப்பு மூன்றாவது முறை மாறியிருக்கிறதாம். "அண்ணே, உங்க பழைய டிசர்டேஷன் காப்பி ஒன்னு கிடைக்குமா, சும்மா ஃபார்மட் பாக்கத்தான்" என்றான்.